அஹோ என்றால் யார்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு நாள் ஆகியும் சந்திரிகா தன் கணவரை "அஹோ" என்றுதான் கூப்பிட்டாள். கணவர் ஸ்ரீவத்சனுக்கு ஒன்றும் புரியவில்லை.

புனேவாசிகளுக்கு இதிலுள்ள சிக்கல் உடனே விளங்கும். மராத்திக்காரப் பெண் தன் புருஷனைப் பெயர் சொல்லாமல் "அஹோ" என்பாள், நம்மவர்கள் "ஏன்னா" என்பதுபோல. அதே பெண் பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாத ஆளிடம் வழி கேட்டாலும் "அஹோ" என்றுதான் ஆரம்பிப்பாள். கட்டியவனுக்கும் கண்டக்டருக்கும் ஒரே சொல். சந்திரிகா புனேயின் கட்கியில் பிறந்தவள், படித்தது மராத்திப் பள்ளிக்கூடம். ஆனால் இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் கணவரை "ஏன்னா" என்பதைத் தவிர வேறுவிதமாக அழைத்ததில்லை. மூளைக்காய்ச்சலில் பதினெட்டு நாள் கிடந்து எழுந்த பிறகு அந்த "ஏன்னா" காணாமல் போய்விட்டது.

போனது அது ஒன்றுதானா என்றால், அதுவும் தெரியவில்லை. பாத்திரம் தேய்க்க வரும் மாவ்ஷியைப் பார்த்த மாத்திரத்தில், நேற்று ஏன் வரவில்லை என்று மராத்தியில் சண்டை பிடித்தாள். போபோடி சந்தில் காய்கறி விற்பவனுக்கு இரண்டாவதாகப் பெண் பிறந்தது அவளுக்கு நினைவிருந்தது. சாத்தமுதுக்கு, அதாவது ரசத்துக்கு, எத்தனை மிளகு என்று விரலுக்கே தெரிந்திருந்தது. ஊரையெல்லாம் தெரிந்த மனுஷிக்குத் தாலி கட்டியவனைத் தெரிகிறதா, இல்லையா? நேரே கேட்டுவிடலாம். "நான் யாரு சொல்லு" என்று கேட்டு அவள் பேந்தப் பேந்த விழித்துவிட்டால்? அந்தப் பயத்தில் ஸ்ரீவத்சன் கேட்கவில்லை.

"நிதானமாகப் பேசுங்கள், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள், அதட்டவே கூடாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்ரீவத்சன் சொன்னதைச் செய்கிற ஆள். அதற்கு ஒரு படி மேலேயே போனார். "சந்திரிகா, இது தண்ணீர். இது ஜன்னல். வெளியே மழை பெய்கிறது" என்று ஒன்றாம் வகுப்புப் பாடப்புத்தகம் மாதிரிப் பேசினார். அவர்கள் வீட்டில் தண்ணீரைத் தண்ணீர் என்று யாரும் சொன்னதில்லை, தூத்தம் என்பார்கள். சந்திரிகா அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஆமாம், தண்ணீர்" என்று மரியாதையாக ஒப்புக்கொள்வாள்.

மனிதர் பிழைப்புக்குச் செய்வது தலை வெட்டும் வேலை. ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் பிளனேரியா என்கிற தட்டைப்புழுக்களை வளர்த்து, சவர பிளேடால் அவற்றின் தலையைச் சீவி, மறுபடி எப்படி முளைக்கிறது என்று பார்ப்பவர். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பதெல்லாம் நமக்குத்தான். அந்தப் புழுவுக்கு உடம்பெங்கும் குருத்தணுக்கள் நிறைந்து கிடக்கின்றன. ஆங்கிலத்தில் ஸ்டெம் செல் என்கிறோமே, அவைதான். வெட்டுப்பட்ட இடத்துக்கு அவை ஓடிப்போய், கண் வேண்டுமா கண், மூளை வேண்டுமா மூளை என்று என்னவாக வேண்டுமோ அதுவாக மாறிக்கொள்ளும். இரண்டு வாரத்தில் புதுத்தலை தயார்.

அந்தப் புதுத்தலைக்குப் பழைய ஞாபகம் உண்டா என்பதுதான் அவருடைய இப்போதைய கேள்வி. சொரசொரப்பான தட்டில், வெளிச்சம் விழும் இடத்தில் ஈரல் துணுக்கு இருக்கும் என்று புழுக்களைப் பழக்குவார்கள். வெளிச்சத்துக்குப் பயந்த ஜன்மம், ஆனாலும் பழகிவிட்டால் தயங்காமல் போகும். பிறகு தலையை வெட்டுவார்கள். புதுத்தலை முளைத்த புழு முதல் தடவை ஒன்றும் தெரியாத மாதிரிதான் முழிக்கும். அதே தட்டில் ஒரே ஒரு தடவை ஈரல் கொடுத்து நினைவூட்டினால், அடுத்த தடவை சில புழுக்கள் விறுவிறுவென்று போய்விடும். எல்லாப் புழுவும் அல்ல. அது ஞாபகம்தானா என்று உலகத்து விஞ்ஞானிகள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை அவருடைய மாணவி சுப்ரஜாவிடம், "ஏழாம் நம்பர் தட்டுல இருக்கறது பழக்கின புழுதானே?" என்று கேட்டார். தட்டுகளுக்கு நம்பர் ஒட்டும்போதே, எது எந்தப் புழு என்பதை அவள் அவரிடமிருந்து மறைத்துவிடுவாள். கோயம்புத்தூர்ப் பெண், கண்டிப்பானவள்.

"அதைச் சொல்ல மாட்டனுங்க சார். தெரிஞ்சுட்டுப் பார்த்தீங்கன்னா, நீங்க என்ன ஆசைப்படறீங்களோ அதுதான் கண்ணுல படும். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

நியாயம்தான். வீட்டில் அவர் வைத்திருந்த நோட்டுப்புத்தகத்துக்கும் அதே நியாயம் பொருந்தும். சந்திரிகா தினமும் யாரை என்னவென்று கூப்பிட்டாள் என்று அதில் குறித்துவந்தார். மாவ்ஷி, மாவ்ஷி. டாக்டர், டாக்டர் சாஹேப். தான், அஹோ. கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவன், அஹோ. அந்த வரியை எழுதிய அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் குளிர் அடித்தபோது அவள் அவர் தோளில் சால்வையைப் போர்த்தி, "அஹோ, ஜலதோஷம் பிடிக்கும்" என்றாள். அதைப் புருஷன் கணக்கில் வைப்பதா, விருந்தாளி கணக்கில் வைப்பதா என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஆய்வுக்கூடத்து நண்பர் கேஷவை வரச் சொன்னார். கேஷவுக்கும் ஐம்பத்தைந்து வயது, அதே மாதிரி கண்ணாடி, அதே வழுக்கை. இரண்டு பேரும் ஹாலில் ஒரே சோபாவில் உட்கார்வது, இரண்டு பேரும் பேசாமல் இருப்பது, அவள் யாரை எப்படிக் கூப்பிடுகிறாள் என்று பார்ப்பது. இதுதான் பரிசோதனை. கேஷவுக்கு இது அசட்டுத்தனமாகப் பட்டது. ஆனாலும் நண்பரின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

சந்திரிகா இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தாள். கேஷவிடம் ஒன்றை நீட்டி, "அஹோ, எடுத்துக்கோங்கோ" என்றாள். ஸ்ரீவத்சனிடம் மற்றதை நீட்டி, "அஹோ, எடுத்துக்கோங்கோ" என்றாள். அதே குரல், அதே சிரிப்பு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. கேஷவ் காப்பியை மடக் மடக்கென்று குடித்துவிட்டு, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்.

ஸ்ரீவத்சன் நோட்டைப் பிரித்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். பேனாவை எடுத்தார். முடிவு தெரியவில்லை என்று எழுதுவதா, அவளுக்கு என்னைத் தெரியாது என்று எழுதுவதா? இரண்டுக்கும் நடுவில் தன் வாழ்க்கை மாட்டிக்கொண்டு நிற்பதாகத் தோன்றியது. வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்குத் தன் தொழில்மீதே வெறுப்பு வந்தது. புழு ஈரலைத் தேடிப் போனால் ஞாபகம் இருக்கிறது என்று எழுதிவிடலாம். இவள் எதைத் தேடிப் போவாள்?

அந்த நேரத்தில் சந்திரிகா அவர் குடிக்காமல் வைத்திருந்த காப்பியைச் சூடு பண்ணி, டவராவில் ததும்பத் ததும்ப எடுத்துவந்து, பிரித்த நோட்டின் மேலேயே வைத்தாள். டவரா சரிந்தது. இருபத்திரண்டு நாள் எழுதியது அத்தனையும் காப்பியில் நனைந்து, மாவ்ஷியும் டாக்டரும் அஹோவும் ஒரே நீலக் குழம்பாக ஓடினார்கள்.

"ஏண்டி சந்து! கண்ணை எங்கடி வெச்சுண்டிருக்கே? எழுதிண்டிருக்கற நோட்டு மேல யாராவது காப்பியைக் கொண்டுவந்து வைப்பாளா? தூத்தம் கொட்டினாலும் பரவாயில்லை, காப்பி! மூணு வாரமா உசிரைக் குடுத்து எழுதிண்டிருக்கேன்!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. அதட்டவே கூடாது என்றாரே டாக்டர். மன்னிப்புக் கேட்க அந்தப் பாடப்புத்தகத் தமிழைத் தேடினார். ஒரு வாக்கியம்கூட அகப்படவில்லை.

சந்திரிகா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முந்தானையால் நோட்டை ஒற்றிக்கொண்டே சொன்னாள்:

"ஏன்னா, வந்துட்டேளா? இத்தனை நாள் எங்க போய்த் தொலைஞ்சேள்? இங்க ஒரு மனுஷர் வந்து உக்காந்துண்டு படுத்தி எடுத்துட்டார். இது தண்ணீராம், அது ஜன்னலாம். உங்களாட்டமே இருந்தார், அதான் வெளியில போன்னும் சொல்ல முடியலை. பாவம், நல்லவர்தான். என்கிட்ட அப்படி ஒரு மரியாதை! எனக்குப் பயமா இருந்துதுன்னா."

ஸ்ரீவத்சனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காணாமல் போனது யார், திரும்பி வந்தது யார் என்று அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதை எழுதிவைக்க நோட்டும் இல்லை.

"போயிட்டாரா அவர்?" என்று கேட்டாள் சந்திரிகா.

"போயிட்டார்டி."

"காப்பி குடிச்சாரோ?"

"இல்லைடி" என்றார் ஸ்ரீவத்சன். "நீதான் கொட்டிட்டியே."