பன்னிரண்டாம் முடிச்சு

இந்தக் காலத்து ஜனங்களுக்குப் புதுசாக ஒன்றைக் காட்டிவிட்டால் போதும், செருப்போடு சேர்த்து மூளையையும் வாசலில் கழற்றிப் போட்டுவிடுவார்கள் என்று முணுமுணுத்தபடி, எரிகிற எண்ணெய் விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு கிணற்றுக்காரர் சாயப்பட்டறைத் தெருவில் நடந்தார். அவர் ‘இந்தக் காலம்’ என்றது முந்நூறு வருஷத்துக்கு முந்தைய காலம். அன்றைக்கும் கிழவர்கள் இப்படித்தான் பேசினார்கள்.

அவருடைய எரிச்சலுக்குக் காரணம் உண்டு. முந்தாநாள் மழைக்கு விடுதியில் ஒதுங்கிய எவனோ ஒரு வழிப்போக்கன், தலையணைக்கடியில் ஒரு பொருளை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். நமக்கு அது கடை வாசலில் தொங்குகிற சாதாரண டார்ச் லைட். நம் காலத்துச் சாமான் அங்கே எப்படிப் போனது என்று கேட்டால் பதில் கிடையாது. போனது, அவ்வளவுதான்.

விடுதிக்காரி அதன் பொத்தானை அழுத்திய நேரத்திலிருந்து தெருவுக்கே தலைகால் புரியவில்லை. ஊதிப் பார்த்தார்கள், அணையவில்லை. வைக்கோலைக் காட்டினார்கள், பற்றவில்லை. தையல்காரர் உள்ளங்கையால் பொத்தினார். விரலெல்லாம் தணலாகச் சிவந்தது, ஆனால் சுடவில்லை. சாயத்தொட்டியில் முக்கினால் அதற்குள்ளேயும் குட்டி நிலா மாதிரி எரிந்தது. ரொட்டிக்காரர் மட்டும் அதை மாவோடு சேர்த்து ஒரு தகரப் பெட்டிக்குள் அரை நாழிகை மூடி வைத்துவிட்டு, ரொட்டி வேகவில்லையே என்று வருத்தப்பட்டார். கிணற்றுக்காரர் ஒரே ஒரு தரம் எட்டிப் பார்த்தார். சுடாத நெருப்பு என்ன நெருப்பு என்று கேட்டுவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தொடவில்லை.

அன்று பட்டறைக் கொல்லையில் இருந்த பழைய கிணற்றைத் திறந்தார்கள். முன்வாசல் கிணறு வற்றிப்போனதால், மூன்று கோடையாகப் பலகை போட்டு மூடிக் கிடந்த இதைத் தூர்வார வேண்டியிருந்தது. இறங்கப்போகிறவன் கிணற்றுக்காரரின் தங்கை புருஷன். தெரு அவனுக்கு வைத்த பெயர் ‘அவசரம்’. சட்டையில் ஒரு கையை வீட்டில் நுழைத்துவிட்டு, மறு கையைப் போகிற வழியில் நுழைத்துக்கொள்கிற ஆள்.

மூடிக் கிடந்த கிணற்றில் கெட்ட காற்று தங்கும். அது கண்ணுக்குத் தெரியாது; இறங்குகிறவனை இரண்டு மூச்சில் சாய்த்துவிடும். அதனால் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் விளக்கைக் கட்டி முதலில் இறக்குவார்கள். அடிவரை எரிந்தால் ஆள் இறங்கலாம், அணைந்தால் கூடாது. நாற்பது வருஷத்தில் கிணற்றுக்காரர் இந்த ஒன்றை மட்டும் எவருக்காகவும் தளர்த்தியதில்லை. இப்போதும் விளக்கேற்றத்தான் ரொட்டிக்காரரின் அடுப்புக்குப் போய்விட்டு வந்தார்.

வந்து பார்த்தால் கொல்லை அமர்க்களப்பட்டது. அவர் வருவதற்குள் டார்ச்சைக் கயிற்றில் கட்டி இறக்கிவிட்டார்கள். இருபத்தைந்து முடிச்சுக்கும் அது சும்மா ஜொலித்ததாம். விளக்கு எரிந்தால் இறங்கலாம் என்று அவர்தானே சொன்னார் என்றார்கள். அவசரம் இடுப்பில் கயிற்றைக் கட்டி, இரண்டு காலையும் கிணற்றுக்குள் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் கயிற்றை நான்கு சாயக்காரர்கள் பிடித்திருந்தார்கள். டார்ச் தொங்கிய கயிறு தங்கையின் கையில். பெருமை தாங்காமல் அவள் முகமே இன்னொரு டார்ச் போல இருந்தது.

“மேல ஏறு,” என்றார் கிணற்றுக்காரர்.

“எரியுது மச்சான். எட்டிப் பாருங்க, அடி வரைக்கும் எரியுது.”

“அது தண்ணிக்குள்ளயும்தான் எரிஞ்சுது. நீ தண்ணிக்குள்ள மூச்சு விடுவியா?”

சாயக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். தங்கைக்குத்தான் கோபம். தெருவே கொண்டாடுகிற பொருளில் அண்ணன் ஒருத்தர்தான் நொட்டை சொல்கிறார், கல்யாணத்தப்போ மாப்பிள்ளையையும் இப்படித்தான் சொன்னார் என்று பழைய கணக்கை எடுத்தாள். அவர் காதில் வாங்காமல் விளக்கை இறக்கினார்.

முடிச்சு விரலைத் தாண்டத் தாண்ட எண்ணினார். கூட்டமும் சேர்ந்து எண்ணியது. பத்து. பதினொன்று. பன்னிரண்டில் சுடர் சுருங்கி, துடித்து, போய்விட்டது. அதற்கும் கீழே டார்ச் ஒன்றும் நடக்காதது போல எரிந்துகொண்டிருந்தது.

காற்றடித்து அணைந்திருக்கும் என்றான் அவசரம். குரலில் சத்தில்லை. ரொட்டிக்காரரே ஓடிப்போய்க் கொள்ளி எடுத்துவந்து மறுபடி ஏற்றினார். மறுபடியும் பன்னிரண்டாம் முடிச்சு.

அவசரம் ஒரு காலை வெளியே எடுத்தான். பிறகு மறு காலை. அவன் நிதானமாகச் செய்த முதல் காரியம் அதுதான். தங்கை டார்ச்சை மேலே இழுத்துத் தரையில் வைத்தாள். “அண்ணே,” என்றாள். அழுகை வந்துவிட்டது.

“அழுவாத. தழை வெட்டிட்டு வரச் சொல்லு.”

வண்டி வண்டியாகத் தழை வந்தது. பெரிய கட்டாகக் கட்டி, கிணற்றுக்குள் இறக்கி இறக்கி ஏற்றினார்கள். நடுநடுவே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கெட்ட காற்றைக் கலைத்தார்கள். தையல்காரர்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தார். வெயில் சாயும்போது மூன்றாம் தடவை விளக்கு இறங்கியது. பன்னிரண்டைத் தாண்டியபோது கூட்டம் மூச்சைப் பிடித்தது. இருபத்தைந்திலும் சுடர் நின்றபோது தெருமுனைக்கே கேட்கும்படி கத்தினார்கள்.

அவசரம் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினான். எண்ணெய் விளக்கும் கூடவே தொங்க வேண்டும் என்று கிணற்றுக்காரர் சொன்னதால் அதுவும் தொங்கியது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து அலறல். பயத்தில் இல்லை, ஊற்றுக்கண் தெரிகிறதாம். கிணற்றுக்குள் சரிந்து விழுந்த பழைய உத்தரம் ஒன்று அதை அடைத்துக் கிடக்கிறதாம். அதைப் புரட்டிய சத்தம் வந்தது, பின்னாலேயே தண்ணீரின் சத்தம். சேறும் சிரிப்புமாக மேலே வந்தவனைத் தங்கை கட்டிக்கொண்டாள். அப்புறம் எல்லோரும் டார்ச்சைத்தான் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். இது இல்லாவிட்டால் அந்த இருட்டில் ஊற்று தெரிந்திருக்குமா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

அவசரம் அதைத் துடைத்துக் கிணற்றுக்காரரிடம் நீட்டினான். “நீங்களே வச்சுக்கங்க மச்சான். உங்க தொழிலுக்கு ஆகும்.”

“ஆள் சாகுற எடத்துலயும் பல்லைக் காட்டிட்டு எரியுது. இத நான் எதுக்கு நம்பணும்?”

தன் விளக்கை எடுத்துக்கொண்டு சந்துக்குள் நடந்தார். அவருக்கு வழி தெரியட்டும் என்று தங்கை பின்னாலிருந்து டார்ச்சை அடித்தாள். வெள்ளை வட்டம் அவர் காலுக்கு முன்னால் வந்து விழுந்தது. கிணற்றுக்காரர் அதை மிதிக்காமல் ஒதுங்கி, சுவரோரமாகவே நடந்து போனார்.