முப்பத்தொன்று முடியட்டும்

என் புருசன் வினோதன் பொலிஸ் கூட்டுக்குள் அடிவாங்கிச் செத்த திகதியைத்தான் சட்டத்தரணி ஷிஹானா முதலில் கேட்டார். சொன்னேன். கலண்டரை எடுத்து அன்றுவரை நாட்களை விரலால் எண்ணினார். முப்பத்துமூன்றில் விரல் நின்றது.

"ஏன் அக்கா உடன வரேல்ல?"

"செத்தவீட்டுத் துடக்கு," என்றார் பக்கத்துக் கதிரையில் இருந்த என் மாமனார் நல்லதம்பி. "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியாமல் நாங்கள் வெளிக்கிடுறேல்ல."

அடிப்படை உரிமையை மீறினால் உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாமாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் போய்விட வேண்டுமாம். இரண்டும் அரசியலமைப்பிலேயே இருக்கிறதாம். மனித உரிமை ஆணைக்குழுவில் ஒரு முறைப்பாடு கொடுத்திருந்தாலாவது அந்த நாள் கணக்கு நின்றிருக்குமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உரிமையைத் தந்துவிட்டு, பால்மா பெட்டியில் போலக் காலாவதித் திகதியும் அடித்து வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாளே நான் முறைப்பாடு கொடுக்க வவுனியாவுக்கு வெளிக்கிட்டேன். மாமா படலையில் நின்று மறித்தார். "என்ர பிள்ளை கரையேறட்டும்," என்றார். எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, அந்தப் பொலிஸ் நிலையத்துச் சார்ஜன் சாதாரண உடுப்பில் வந்தான். வினோதனின் படத்தைக் கும்பிட்டான். நான் குசினியில் ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்தான். "அவசரப்படாதேங்கோ ஐயா, முப்பத்தொண்டு முடியட்டும், நானே சாட்சி சொல்லுறன்," என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனான். அதை என்னிடம் சொல்லிச் சொல்லி, நல்ல மனுசன் என்று மாமா அவனைப் புகழ்ந்துகொண்டே இருந்தார். அந்த நாசமறுப்பானுக்கு எங்கள் நாளும் தெரியும், சட்டத்தின் நாளும் தெரியும்.

"மறியலில அடைபட்டு இருந்தவை, ஆஸ்பத்திரியில கிடந்தவை எண்டா நாள் பிந்தினாலும் பாப்பினம்," என்றார் ஷிஹானா. "வெறும் துடக்கெண்டு எழுதினாத் தள்ளிப்போடுவினம்."

"வீட்டுக்க என்னை வைச்சிருந்ததும் மறியல்தான் மிஸ். சார்ஜன் சொன்னதை எழுதுங்கோ."

"அதை நேரில கேட்டவர் சத்தியக் கடதாசியில கையெழுத்து வைச்சுத் தரவேணும்."

கேட்டவர் மாமா ஒருவர்தான். அவர் எழும்பிவிட்டார். "பொலிசோட எனக்கேன் வில்லங்கம். எனக்கு இன்னொரு பெடியனும் இருக்கிறான்."

"போங்கோ மாமா," என்றேன். "ஆனா நீங்கள் கையெழுத்து வைக்காட்டி, என்ர மகன் தேப்பனுக்குத் திவசம் செய்யமாட்டான்."

வாசல்வரை போனவர் திரும்பி வந்து கதிரையில் இருந்தார். பேனையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.