கண்ணாடியோரம் ஒரு பிஸ்கட் டப்பா

மேனேஜர் சாப்பிட்டுப் பதினான்கு மணி நேரம் ஆகிவிட்டது. மேனேஜர் என்றதும் கோட்டு போட்ட ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். சலூன் கண்ணாடிக்குக் கீழே கூண்டில் உட்கார்ந்து, தான் ஒரு வேலையும் செய்யாமல், வேலை செய்பவர்களை நாள் முழுக்க முறைத்துப் பார்க்கும் சாம்பல் நிற முயல். வேறு என்ன பெயர் வைப்பது?

அதன் தம்பியான வெள்ளை முயலுக்கு மூக்குப்பொடி என்று பெயர். பொடி போட்ட ஆள் மாதிரி எந்நேரமும் மூக்கை ஆட்டிக்கொண்டிருக்கும். அது முந்தாநாள் செத்துப்போனது. காலையில் கடை முழுக்கத் துள்ளிக்கொண்டிருந்தது. மத்தியானம் மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தது. தூங்கி வழிகிறது என்று நினைத்துச் சலூன்காரர் அடுத்த தலையைப் பார்க்கப் போய்விட்டார். சாயங்காலம் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினார். கால்நடை டாக்டரம்மாவின் படியேறும்போதே துண்டுக்குள் அசைவு நின்றுவிட்டது.

"முயலுக்குக் குடல் ஓடிக்கிட்டே இருக்கணும்" என்றார் டாக்டரம்மா. "நின்னா அவ்வளவுதான். காய்ஞ்ச புல்லுதான் அதுக்குச் சோறு. பிஸ்கட் யார் கொடுத்தது?"

யார் கொடுக்கவில்லை? முடி வெட்ட உட்கார்ந்ததும் அலறுகிற குழந்தைகளை அடக்க, கண்ணாடியோரம் பிஸ்கட் டப்பா வைத்தவரே சலூன்காரர்தான். குழந்தை கையில் ஒரு பிஸ்கட், எதிரே ஒரு முயல், தலை அசையவே அசையாது. என்ன மூளை என்று தன்னையே மெச்சிக்கொண்டவர். குழந்தைகளைப் பார்த்துப் பெரியவர்களும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். "ஒண்ணே ஒண்ணுதானே" என்று ஒரு நாளைக்கு இருபது பேர்.

தம்பி போனதிலிருந்து மேனேஜர் எதையும் சரியாகத் தொடவில்லை. இன்று புல்லையும் ஒதுக்கிவிட்டது. காலையில் டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். அடைப்பு இல்லை. வலிக்கு ஊசி போட்டு, புல் பொடியைக் குழைத்து சிரிஞ்சில் இரண்டு மணிக்கொரு தரம் ஊட்டச் சொன்னார். "புழுக்கை போட்டாத்தான் பிழைச்சான்னு அர்த்தம்."

"போடுவான்" என்றார் சலூன்காரர், ஏதோ சண்டைக்கு நிற்பவர் போல. "எமனே வந்தாலும் பெஞ்சில உட்காரட்டும். அவருக்கு முன்னாடி ஆள் இருக்கு."

அவர் மனைவி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடி வெட்டிக்கொள்ள வந்திருந்த கான்ட்ராக்டரின் தலையில் வலது பக்கம் முடிந்து இடது பக்கம் தொடங்கும்போது, "என்னங்க, நேரமாச்சு" என்றாள். சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். கையைக் கழுவினார். மேனேஜரை மடியில் அணைத்து, வாயோரம் சிரிஞ்சை வைத்துத் துளித்துளியாக ஊட்டினார். மேனேஜர் தலையைத் திருப்பியது. இவர் விடவில்லை.

"நல்லா இருக்கே கதை!" என்றார் கான்ட்ராக்டர். "ஒரு முயலுக்காக என்னை இப்படி அரைகுறையா உட்கார வைப்பியா? செத்தா விடுப்பா, நான் ரெண்டு வாங்கி அனுப்பறேன்."

"ரெண்டு என்ன, இருநூறு அனுப்புங்க சார். இவன் வேற."

கான்ட்ராக்டர் சிரித்தபடி சட்டைப் பையில் கைவிட்டார். "இந்தா, இதைக் காட்டு. போன வாரம் ரெண்டும் என் கையிலதானே பிடுங்கித் தின்னுச்சுங்க!"

கையில் கிரீம் பிஸ்கட்.

சலூன்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. மேனேஜரை ஒரு கையில் அணைத்தபடியே எழுந்துபோய், கான்ட்ராக்டர் கழுத்திலிருந்த துணியை ஒரே இழுப்பில் உருவினார். "எழுந்திருங்க."

"என்னது?"

"நாற்காலியை விட்டு எழுந்திருங்க சார்."

"பதினஞ்சு வருஷமா வர்றேன். தெருவெல்லாம் சொல்லுவேன், பாத்துக்க!"

"சொல்லுங்க. இந்தத் தலையோடவே போய்ச் சொல்லுங்க."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். கான்ட்ராக்டர் விருட்டென்று வாசல் வரை போனார். கண்ணாடிக் கதவில் தன் தலையைப் பார்த்தார். ஒரு பக்கம் மாப்பிள்ளை, மறுபக்கம் புதர். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, பழைய பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

சலூன்காரர் யாரையும் பார்க்கவில்லை. மேனேஜரைத் தரையில் விட்டார். அது நகரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றை மெல்ல நீவினார். "உன் தம்பியை விட்டுட்டேன்டா. பக்கத்துலயே நின்னுக்கிட்டு கோட்டை விட்டுட்டேன். உன்னை விடமாட்டேன். நீ முறைச்சாலும் சரி, கடிச்சாலும் சரி." வாசலில் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்த வேளை ஊட்டியும் ஆயிற்று. மேனேஜர் நாலடி தாவியது. நின்றது. பின்னங்காலைக் கொஞ்சம் அகட்டியது.

சலூன்காரர் மண்டிபோட்டுக் குனிந்து பார்த்தார். தரையில் மிளகு அளவுக்கு ஒன்று, பக்கத்தில் இன்னொன்று. விரலால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு துள்ளி எழுந்தார். "போட்டுட்டான்! அடியே, போட்டுட்டான்!"

"எங்க, எங்க?" என்று மனைவி ஓடிவந்தாள். முயல் புழுக்கையை இருவரும் ஏதோ நகை மாதிரி மாறிமாறி வாங்கிப் பார்த்தார்கள். மேனேஜர் ஒரு புல்லை இழுத்து மென்றது. மென்றுகொண்டே எல்லோரையும் முறைத்தது.

சலூன்காரர் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுபோய்த் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார். காலி டப்பாவில் புல்லைத் திணித்து அதே இடத்தில் வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு, "வாங்க சார், உட்காருங்க" என்றார்.

கான்ட்ராக்டர் உட்கார்ந்தார். புல் திணித்த டப்பாவைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "அந்த வெள்ளை முயல்... என் பிஸ்கட்டாலயாப்பா?"

"நீங்க கொடுத்தீங்க, அவ்வளவுதான். டப்பாவை வச்சவன் நான்."

கத்தரி கையில் இருக்கும்போது அழக்கூடாது என்பது தொழிலின் முதல் பாடம். அவர் அழுதார். கான்ட்ராக்டரின் இடது பக்கம் ரொம்பக் கோணலாகத்தான் வந்தது. அவர் அதைக் கண்ணாடியில் பார்த்தார். டப்பாவிலிருந்து ஒரு புல்லை எடுத்து மேனேஜரிடம் நீட்டிவிட்டு, அந்தத் தலையோடு தெருவில் இறங்கி நடந்தார்.