கீழ் வரவையின் இளம்பச்சை

காலையில் யூரியா மூட்டையை வரம்பில் இறக்கி வைத்துவிட்டு, ரிஷிகேசன் தன் மேல் வரவை வயலைப் பார்த்தான். கரும்பச்சை. ஈச்சிலம்பற்றில் வெள்ளாமை என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும். வரம்பால் போகிறவன் நின்று பார்க்கவேண்டும். அந்தப் பார்வைக்காகவே பசளையை அள்ளி எறிகிற சனம் அது. அவனும் அதில் ஒருவன்.

கீழ் வரவை மனைவி சுலோஜனாவின் சீதனக் காணி. அதே விதைநெல், அதே வாய்க்கால் தண்ணீர். நிறம் மட்டும் இளம்பச்சை. போன போகத்து வைக்கோலை அவள் கொளுத்த விடவில்லை, சேற்றோடு உழுவித்தாள். மில்லில் உமி அள்ளி வந்து கருக்கிப் போட்டாள். யூரியாவை விவசாயப் போதனாசிரியர் சொன்ன அளவோடு நிறுத்தினாள். அடுத்த வயல்காரர் அலியார் காக்கா, “என்ன தம்பி, மனிசியின்ர வயல் பத்தியம் இருக்குதோ?” என்று கேட்டது ரிஷிகேசனுக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது.

அன்று மூட்டையோடு கீழ் வரவைக்குள் காலை வைத்தான். சுலோஜனா மண்வெட்டியோடு குறுக்கே நின்றாள்.

“உங்கட வயலை உங்கட எண்ணத்துக்குச் செய்யுங்கோ. இஞ்ச ஒரு மணிகூட விழக்கூடாது.”

“ஊர் சிரிக்குது, சுலோ.”

“சிரிக்கட்டும். கொழுத்த இலை மெத்தெண்டிருக்கும். பூஞ்சணம் அதைத்தான் தேடி வரும். உமிக்கரி போட்ட பயிரின்ர இலையைத் தடவிப் பாருங்கோ, அரம் மாதிரி.”

அவன் தடவவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் மேல் வரவைக்கே இன்னொரு தரம் எறிந்தான்.

மார்கழி மழை விட்டு, பனி இறங்கியது. வெயில் ஏறியும் இலையில் ஈரம் காயவில்லை. மேல் வரவையில் கண் வடிவப் புள்ளிகள் விழுந்தன; நடுவில் சாம்பல், ஓரத்தில் கபில நிறம். பூஞ்சணத்தால் வரும் எரிபந்த நோய். மருந்து அடித்தான். அடிக்க அடிக்கக் கருகல் பரவிக்கொண்டே போனது.

வாடைக் காற்றுக் காலம், மற்ற மாதங்களில் போல வலையோடு கடலுக்குப் போக ஏலாது. வீட்டின் வருஷச் சோறு இந்த இரண்டு வரவையில்தான் நின்றது. கீழ் வரவைக்குள் இறங்கினான். புள்ளி அங்கும் இருந்தது. ஆனால் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. விழுந்த புள்ளியும் கடுகளவோடு நின்றுவிட்டது. அப்போதுதான் இலையைத் தடவினான். விரலில் சுரசுரத்தது.

வரம்பில் அலியார் நின்றார். அவருடைய கரும்பச்சையும் எரிந்துபோயிருந்தது. சிரிப்பில்லாமல் கேட்டார்: “தம்பி, மனிசி என்ன மருந்து அடிச்சவ?”

“மருந்தே அடிக்கேல்ல, காக்கா. அவ பயிருக்குத் தெம்பு குடுத்தவ. நான் பாக்கிறவன்ர கண்ணுக்குப் பச்சை குடுத்தனான். நோய் வருத்தம் வந்தாப்பிறகு மருந்துக்கு ஓடுறதிலும் பாக்க, வருத்தத்தைத் தாங்கிற பலத்தைப் பயிருக்கு முதலே குடுத்து வைக்கோணும்.”

கருகிய வரவையை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: “அடுத்த போகம் என்ர வயலும் பத்தியம்தான்.”