வாங்காத வெங்காயம்

இத்ரூஸின் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்க நாலு பேர் குனிந்த நேரத்தில், "கொஞ்சம் பொறுங்க," என்றார் ஜௌபர் ஹாஜியார். பதுளைக் கடைவீதியில் பெரிய மொத்த வியாபாரி அவர். குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். கதவுக்குப் பின்னால் பெண்களோடு நின்ற ஹம்ஸியா அந்தக் குரலைக் கேட்டதும் கதவிடுக்கை நெருங்கினாள்.

"மௌத்தானவர் எனக்கு அறுநூத்தி நாப்பது ரூவா தரணும். எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தான். அல்லாவுக்காக அத மன்னிச்சு ஹலாலாக்கிட்டேன்."

பெரிய மனசு என்று யாரோ முணுமுணுத்தார். கடனோடு போனால், உடலை விட்ட வாப்பாவின் ரூஹு அந்தரத்தில் தொங்குமே என்று இரவெல்லாம் பயந்து கிடந்த பலீலுக்கு, நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. ஹாஜியாரின் கையைப் பிடிக்கப் போனான்.

அவன் தங்கை ஹம்ஸியாவுக்கோ உடம்பு பற்றி எரிந்தது. மன்னிப்பா?

எழுபத்தாறாம் ஆண்டு, மூன்று மூட்டை வெங்காயம். வாப்பா அதை வாங்கவே இல்லை. ஆனால் ஹாஜியாரின் பேரேட்டில் 'இத்ரூஸ்' என்று இருக்கிறதாம், பதுளையில் சில்லறைக் கடை வைத்திருக்கும் இத்ரூஸ் இவர்தானாம். கடன் கட்டாதவர்கள் என்று வியாபாரிகள் சங்கம் வருடா வருடம் அடித்து ஒட்டும் பட்டியலில் வாப்பாவின் பெயர் ஏறியது. அதன்பிறகு ஒரு டின் மண்ணெண்ணெய்கூட யாரும் கடனுக்குத் தரவில்லை. கையில் காசு இருந்த அன்றுதான் கடையில் சாமான் இருந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பள்ளிவாசலில்கூடக் கடைசி வரிசையில் நின்று தொழப் பழகிக்கொண்டார் மனிதர்.

அவர் சொல்லச் சொல்ல ஹம்ஸியா சங்கத்துக்கு ஐந்து கடிதம் எழுதினாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. "கட்டித் தொலைச்சா என்ன, வாப்பா?" என்று பலீல் ஒருமுறை கேட்டான். "கட்டினா, வாங்கினது எண்டு ஆகிடும்," என்றார் அவர். நேற்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, கடைக் கதவைச் சாத்தும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை.

"ஹாஜியார்," என்றாள் ஹம்ஸியா, கதவுக்குப் பின்னாலிருந்தே. "மன்னிக்க வேணாம். வாங்காத கடன எப்படி மன்னிக்க ஏலும்?"

வாப்பாவின் சகோதரி, மாமி நளீரா பதறி அவள் வாயைப் பொத்த வந்தாள்.

"உடுங்க மச்சி, பேசட்டும்," என்றாள் உம்மா ஸைனப்.

"மகள், ஜனாஸாவ வெச்சிக்கிட்டா கணக்குப் பேசுற?" என்றார் ஹாஜியார்.

"நீங்கதானே தொடங்கின. சரக்கு குடுத்த சீட்டுல பேருக்குப் பக்கத்தில ஊர் எழுதியிருந்திச்சா? அத மட்டும் சொல்லுங்க."

ஹாஜியார் தன் கணக்குப்பிள்ளை கனகரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார். இருபது வருடமாக முதலாளி முகம் பார்த்தே பேசிப் பழகிய மனிதர். அன்று தரையைப் பார்த்துப் பேசினார்.

"ஊர் இல்லை ஐயா. அண்டைக்கு நான் லீவில யாழ்ப்பாணம் போயிருந்தனான். சீட்டு உங்கட எழுத்து. அந்தக் கிழமை மொனராகலை இத்ரூஸும் சரக்கெடுக்க வந்தவராம் எண்டு, திரும்பி வந்து பேரேட்டில எழுதேக்கையே நான் சொன்னனான். நீங்கள்தான் பதுளைக்காரர் பேரில போடச் சொன்னீங்கள்."

ஹாஜியார் சந்தூக்கின் பக்கம் திரும்பிக்கொண்டார். மழை வரப்போகுது, தூக்குங்க என்றார் ஒரு பெரியவர். சந்தூக்கு வாசல் படலையைத் தாண்டிப் போயிற்று.

ஹம்ஸியா சுவரில் சாய்ந்து அழுதாள். வாப்பாவின் கடைசிப் பயணத்தையும் மறித்தாயிற்று, கண்ட பலன் ஒன்றுமில்லை. நாளைக்கு ஊர் இதையும் சேர்த்துப் பேசும்.

அடக்கிவிட்டுப் பலீல் திரும்பியபோது காலெல்லாம் சேறு. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"பள்ளியில தொழ முந்தி, தொழுவிக்கிற லெப்பை கேட்டாரு, இவர் யாருக்காச்சும் கடன் குடுக்கணுமா எண்டு," என்றான். "நான் வாயத் திறக்க முந்தி, ஹாஜியார் முன்னுக்கு வந்துட்டாரு."

"வந்து?" என்றாள் ஹம்ஸியா.

"'இவர் எனக்கு ஒரு சதமும் தரத் தேவையில்ல. நான்தான் இவருக்குக் கடன்' எண்டாரு. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி."

வெள்ளைச் சேலையில் பாயில் உட்கார்ந்திருந்த ஸைனப் மெல்லத் தலை நிமிர்ந்தாள்.

"அவர் தர வேண்டியது எவ்வளவு எண்டு லெப்பை கேட்டாரா, மகன்?"

"இல்ல உம்மா. யாரும் கேக்கல்ல."

ஸைனப் சேறு படிந்த அவன் கால்களைப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த தண்ணீர் வாளியை வாசல் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.