இரண்டாம் எண்ணுக்கு ஒரு நிமிடம்

என் எண் மூன்று. நான் சொல்லாவிட்டாலும் குழுவில் என் பெயருக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கும்: செந்தூர்வேல் 3. இருந்தாலும் ஒருமுறை வாயால் சொல்லிவிட்டால்தான் எனக்குத் திருப்தி. ஜெஸ்லின் என்கிற பெண் போன மாதம்தான் சேர்ந்தாள். அவள் எண் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு. சேர்ந்த மூன்றாம் நாளே எங்கள் விதிமுறைகளில் குறை கண்டுபிடிக்கக் கிளம்பிவிட்டாள் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

குழுவின் பெயர் 'கப்பல் வந்தாச்சு'. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களைப் பார்ப்பது, படம் எடுப்பது, அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவது. வேறு ஒன்றும் கிடையாது. "கப்பல் உங்களையா தேடி வருது?" என்று என் மனைவி சீனித்தாய் பதினெட்டு வருடமாகக் கேட்கிறாள். பதினெட்டு வருடத்துக்கு முன் மூன்று பேர் சேர்ந்து இதை ஓர் இணையதளமாகத் தொடங்கினோம். சரக்கு ஏஜெண்ட் ஆபீசில் இருந்த சிவசுப்பிரமணியன் அண்ணாச்சி ஒன்றாம் எண். புன்னைக்காயல் விஜிலா டீச்சர் இரண்டாம் எண். பழைய துறைமுகத்துப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற நான் மூன்றாம் எண். அப்போதெல்லாம் ஒரு படம் தளத்தில் ஏறி முடிவதற்குள் தெருமுனைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். இப்போது டெலிகிராமுக்கு வந்துவிட்டோம். தட்டினால் போய்விடுகிறது. அதில் என்ன சுகம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எங்களிடம் இரண்டு வழக்கங்கள் உண்டு. கப்பலின் பெயர் தெளிவாகத் தெரியும்படி முதலில் யார் படம் போடுகிறாரோ, அவருக்கு 'முதல் கண்'. படம் வந்ததும் எல்லோரும் 'கண்டோம்' என்று எழுத வேண்டும். ஆனால் கண்டபடி எழுதக் கூடாது. முதலில் ஒன்றாம் எண், பிறகு இரண்டு, பிறகு மூன்று. ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம். மூவரும் முடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு வழி. நெட் ஆமை வேகத்தில் இருந்த காலத்தில் நாங்களாக வைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

ஜெஸ்லின் அதில்தான் கை வைத்தாள். "ரெண்டாம் நம்பர் அக்கா டெலிகிராமுக்கு வந்து அஞ்சு வருஷத்துல ஒரு எழுத்துகூடப் போடல. அவங்களுக்காக ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு நிமிஷம் எதுக்குச் சும்மா இருக்கணும்?" என்று எழுதியிருந்தாள். அதற்கு நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். நான் எப்போதும் சொல்கிற பதிலைச் சொன்னேன்.

"உன் நம்பர் என்ன?"

பத்தே நிமிடத்தில் அந்தக் கேள்வியை என் புகைப்படத்தோடு சேர்த்து யாரோ ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். ஊரே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. ஆனால் அந்த நிமிடத்தை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஏன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இல்லை, விஜிலாவுக்கும் தெரியும்.

இதற்கு நடுவில்தான் அந்தச் செய்தி வந்தது. 'ஆஸ்ட்ரிட் மெரிடியன்' வருகிறது! சரக்கைக் கொழும்பில் இறக்கிக் குட்டிக் கப்பலில் மாற்றி அனுப்பாமல், நேராக நம் துறைமுகத்துக்கே வருகிற தாய்க்கப்பல். குழு ஒரே ரகளை. விஷயம் தெரிந்தவர்கள் இன்னொரு கணக்கையும் எடுத்து முன்னால் வைத்தார்கள். அதுவரை நான் எடுத்த முதல் கண்கள் தொண்ணூற்றொன்பது. வேறு யாரும் நாற்பதைக்கூடத் தாண்டவில்லை. நூறாவது, அதுவும் ஒரு தாய்க்கப்பலில்! எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. கடையில் ஒரு மோட்டாருக்குக் காயிலைத் தலைகீழாகச் சுற்றிவிட்டுப் பிரித்தேன்.

கப்பல் வருவதற்கு முந்தின நாள் மதியம் ஜெஸ்லின் குழுவில் எழுதினாள். நான் எடுத்த தொண்ணூற்றொன்பது படங்களையும் பழைய தளத்தின் சேமிப்பிலிருந்து தோண்டி ஒரு ஆல்பம் செய்துகொண்டிருந்தாளாம். எனக்குத் தெரியாமல் ஆச்சரியமாகக் கொடுக்கத்தான் நினைத்தாளாம், ஆனால் ஒரு சந்தேகம்.

"அண்ணாச்சி, தொண்ணூத்தெட்டு படமும் கரையில இருந்து எடுத்தது. முப்பத்தொண்ணாவது மட்டும் கடல்ல இருந்து எடுத்த மாதிரி இருக்கு. செம படம்! படகுல போனீங்களா? அந்தக் கதையைச் சொல்லுங்க!"

"பழைய கதை. அப்புறம் சொல்லுதேன்" என்று எழுதிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு நிமிர்த்தி விஜிலாவின் பெயரைத் தட்டிப் பார்த்தேன். 'சற்றுமுன் வந்திருந்தார்' என்று காட்டியது. அவள் எல்லாவற்றையும் படிக்கிறாள். ஐந்து வருடமாக ஒரு வரி விடாமல் படிக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கதை இதுதான். பதின்மூன்று வருடத்துக்கு முன், புன்னைக்காயலில் படகு மந்திரிக்கிற திருநாள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்த கையோடு வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு படகுகள் ஒரு சுற்றுப் போய்வரும். விஜிலா தன் அண்ணன் படகில் போயிருந்தாள். காற்றாலை இறக்கைகளை மேல்தளத்தில் அடுக்கிக்கொண்டு 'ஃபெலிசா' என்ற கப்பல் அவர்கள் எதிரே வந்திருக்கிறது. படம் எடுத்துக் கரைக்கு வந்ததும் எம்.எம்.எஸ்.ஸாக என் போனுக்கு அனுப்பினாள். 'அண்ணாச்சி, இங்கன நெட் கடை பூட்டிக் கிடக்கு. நீங்க தளத்துல ஏத்திருங்க. பேரு அப்படியே விழுந்திருக்கு!'

நான் ஏற்றினேன். என் கணக்கில்தான் ஏற்ற முடியும், ஏற்றினேன். அவள் பெயரை அடுத்த வரியில் போடலாம் என்று இருந்தேன், சத்தியமாக. அதற்குள் சிவசுப்பிரமணியன் அண்ணாச்சி எழுதிவிட்டார்: 'ஏலே செந்தூரு, கடலுக்கே போயிட்டியா! நீதாம்ல ஆளு!' அவர் அப்படியெல்லாம் யாரையும் பாராட்டுகிறவர் இல்லை. நான் பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை மட்டும் போட்டேன். அந்தப் பொம்மைதான் நான் செய்த திருட்டு. விஜிலா மூன்று நாள் காத்திருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலாம் நாளிலிருந்து எழுதுவதை நிறுத்திவிட்டாள். டீச்சருக்கு வீட்டில் வேலை அதிகம் போல என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் சொல்லிவைத்தேன்.

மறுநாள் மூன்று மணிக்கே முயல்தீவுக் கடற்கரைக்குப் போய்விட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் அந்த நேரம்தான் சூரியன் நமக்கு முதுகுப் பக்கம் இருந்து கப்பலின் முகத்தில் வெளிச்சம் அடிக்கும். குழுவில் முப்பது பேர் வந்திருந்தார்கள். ஒருத்தன் டி-ஷர்ட்டில் 'நூறு' என்று அச்சடித்துப் போட்டிருந்தான். இன்னொருவன் இரண்டு பெட்டி மக்ரூன் வாங்கி வைத்திருந்தான். சிவப்புச் சுடிதாரில் ஒரு பெண் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, நாந்தான் ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினெட்டு."

தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் ஒரு லாரி கம்பெனி ஆபீசில் வேலையாம். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவளோ என் பழைய காமிராவை அப்படி ஆசையாகப் பார்த்தாள்.

நாலு மணி ஆயிற்று. கப்பல் தொலைவில் நங்கூரத்தில்தான் கிடந்தது. கப்பல் இருக்கும் இடத்தைப் புள்ளியாகக் காட்டுகிற செயலியை எல்லோரும் பார்த்தார்கள். புள்ளி அசையவில்லை. "இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். வாங்க, பஜ்ஜி தின்னுட்டு வருவோம்" என்று கும்பலாகக் கிளம்பிவிட்டார்கள். நான் அசையவில்லை. கப்பலுக்கு வழிகாட்டி உள்ளே கொண்டுவருகிற பைலட்டின் படகு அலைதடுப்புச் சுவரைத் தாண்டிப் போவதை என் கண்ணால் பார்த்தேன். பைலட் ஏறிவிட்டால் கப்பல் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். செயலி அதைப் பத்து நிமிடம் கழித்துத்தான் சொல்லும்.

"நீ போகலையா?" என்றேன்.

"நீங்க போகலையே" என்றாள் ஜெஸ்லின்.

கெட்டிக்காரிதான். கப்பல் அசைந்தது. பெட்டிகள் பெட்டிகளாக, ஒரு தெருவையே நிமிர்த்தி வைத்த மாதிரி, மெதுவாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. இரண்டு இழுவைப் படகுகள் எதிர்கொண்டு போயின. "அம்மாடி! அண்ணாச்சி, அங்கன பாருங்க!" என்று அவள் கத்தினாள். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் மணலில் குதித்தேன்.

துறைமுகத்தின் கப்பல் பாதைக்குள் நுழையக் கப்பல் திரும்பியது. முகப்பின் பக்கவாட்டுப் பகுதி எங்களுக்குத் தெரிந்தது. வெள்ளை எழுத்துகள். ஆஸ்ட்ரிட் மெரிடியன்! அழுத்தினேன், அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். படம் விழுந்துவிட்டது. இனி காமிராவின் மெமரி அட்டையைக் கழற்றி, போனில் செருகி, ஏற்ற வேண்டும். அவசரமாகக் கழற்றினேன். அட்டை நழுவி மணலில் விழுந்தது. மண்டியிட்டுத் துழாவினேன். கிடைக்கவில்லை.

"அண்ணாச்சி, எனக்கும் விழுந்துட்டு" என்றாள் ஜெஸ்லின். அவள் போனில் கப்பல் பளிச்சென்று இருந்தது. "பதறாதீங்க, நான் போட மாட்டேன். இது உங்க நூறு. இந்தா, உங்க போனுக்கே அனுப்பிட்டேன். உங்க பேர்லயே ஏத்திருங்க."

என் போன் டிங் என்றது. திறந்தேன். கப்பல், பெயர், வெளிச்சம், எல்லாம் அப்படியே. மணலில் மண்டியிட்டபடி அதையே பார்த்தேன். ஏத்திருங்க. அதே வார்த்தை. அன்றைக்கும் இப்படித்தான் ஒரு பெண் என்னை நம்பி ஒரு படத்தை என் கைக்கு அனுப்பினாள். ஒரு தட்டு தட்டினால் நூறு. பஜ்ஜிக் கடையிலிருந்து முப்பது பேரும் மக்ரூனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். எனக்கு ஆசையாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப ஆசையாக இருந்தது.

"நீயே போடும்மா" என்றேன்.

"அண்ணாச்சி, நூறு..."

"நூறு இல்ல! தொண்ணூத்தொன்பதும் இல்ல! எனக்குத் தொண்ணூத்தெட்டுதான். ஏளா, போடுன்னா போடு, வேற எவனாவது முந்திரப் போறான்!"

போட்டாள். ஜெஸ்லின் 2318, முதல் கண். அதே வேகத்தில் நான் என் போனில் தட்டினேன். நிறுத்தி யோசித்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

'முப்பத்தொன்றாவது முதல் கண் என்னுடையது இல்லை. படகில் இருந்து படம் எடுத்தது விஜிலா டீச்சர், எண் 2. ஏற்றச் சொல்லி எனக்கு அனுப்பினார். நான் என் பெயரில் ஏற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பதின்மூன்று வருடம் ஆயிற்று. மன்னிப்புக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன்.'

போய்விட்டது. தட்டினால் போய்விடுகிற காலம் ஒருவழியாக எனக்கும் உதவியது. ஜெஸ்லின் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

திரையில் சிவசுப்பிரமணியன் 1 வந்தார். 'கண்டோம்' என்று மட்டும் எழுதியிருந்தார். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் வழக்கத்தை மீற மாட்டார்.

அடுத்தது இரண்டாம் எண்ணின் நிமிடம்.

இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். ஒருத்தரும் ஒரு எழுத்துப் போடவில்லை. ஜெஸ்லின் போனில் வினாடி பார்த்தாள். நாற்பது. ஐம்பது. கப்பல் ஒரு முறை ஊதியது. "நிமிஷம் முடிஞ்சிட்டு" என்றாள் மெதுவாக. இனி என் முறை. நான் எழுதவில்லை. விதியாவது ஒன்றாவது! போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். பஜ்ஜி தின்னப் போனவர்கள் மூச்சிரைக்க ஓடி வந்து எங்களைச் சுற்றி நின்றார்கள். கப்பலைப் பார்க்காமல் அவரவர் போனைப் பார்த்தார்கள்.

திரையின் மேலே ஒரு வரி துடித்தது. விஜிலா எழுதுகிறார். மறைந்தது. ஜெஸ்லின் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். மறுபடி வந்தது. விஜிலா எழுதுகிறார்.

'கண்டோம்' என்று வந்தது. அடுத்து இன்னொன்று.

'ஜெஸ்லின், நீ கேட்ட கதை. அன்னைக்கு அலை ஜாஸ்தி. ரெண்டு படம் ஆடிப்போச்சு. மூணாவதுதான் விழுந்துச்சு. எங்க அண்ணன் என் இடுப்புத் துணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னான், இல்லன்னா நானும் கடலுக்குள்ள விழுந்திருப்பேன். மிச்சத்தை நேர்ல சொல்லுதேன்.'

கடற்கரையில் அப்படி ஒரு கூச்சல். 'நூறு' சட்டைக்காரன் யாரையோ தூக்கிச் சுற்றினான். எனக்குக் கண் மறைத்தது. அழுதேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். எழுத்துகளைத் தேடினேன், ஒன்றும் தெரியவில்லை.

"அண்ணாச்சி, உங்க முறை!" என்று ஜெஸ்லின் என் காதுக்குள் கத்தினாள். "சீக்கிரம் எழுதுங்க! உங்களுக்குப் பின்னால ரெண்டாயிரம் பேரு காத்துக்கிட்டு நிக்கோம்!"