மணி பார்த்தது யார்?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் வரும் தப்பு நான் செய்தது. அதைத் தூக்கி வேட் என்கிற ஐம்பது வயது லிஸ்மோர் ஊர்க்கார ஆசாமியின் தலையில் கட்டியிருக்கிறேன். அவனுக்கு அகலமான முதுகு, தாங்குவான். அவன் மனைவி நெரிடா. இருவரும் காரில் கூடாரத்தோடு, மாநில எல்லைக்கு அப்பால் குவீன்ஸ்லாந்தில் இருக்கும் மோர்ட்டன் தீவுக்குப் போகிறார்கள்.

தொடக்கம்: ‘அலைகள் வெள்ளிச் சரிகையாய்...’ சீ, வேண்டாம். ‘நெரிடாவுக்குக் கடல் என்றால்...’ அதுவும் வேண்டாம். நேரே மணலில் இறங்குவோம்.

2

படகை விட்டு இறங்கியதும் நெரிடா குந்தி உட்கார்ந்து, மணலில் புதையாமல் ஓட நான்கு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினாள். அங்கே கடற்கரைதான் சாலை. நீர் வற்றியிருக்கும்போது ஓட்டலாம். அன்று மூன்று மணிக்குள் மேலே ஏறிவிட வேண்டும் என்றது அலை அட்டவணை.

போன் மூன்று காட்டியது.

“வேட், மேல ஏறிடலாம். மூணாயிடுச்சு.”

“அது நம்ம ஊர் மணி, நெரி. இங்க ஒரு மணி நேரம் கம்மி. இப்ப ரெண்டுதான்.”

“எல்லை தாண்டினதுமே போன் தானா மாத்திக்கிச்சுப்பா.”

“இருபது வருஷமா வர்றேன். எனக்கே மணி சொல்லித் தர்றியா?”

(கோடையில் எங்கள் மாநிலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவோம். குவீன்ஸ்லாந்துக்காரர்கள் தள்ளமாட்டார்கள். எல்லையோரம் குடியிருப்பவனுக்கு இந்தக் கழித்தல் தூக்கத்திலும் வரும். அந்த மிதப்பில்தான் கழித்ததையே மறுபடி கழிப்பான்.)

3

அரை மணியில் தண்ணீர் சக்கரத்தை நக்கியது. வேட் மேட்டுப் பக்கம் ஒடித்தான். பொதபொதவென்ற மணலில் கார் வயிறுவரை இறங்கிவிட்டது.

வேட் இறங்கி மண்வெட்டியால் வாரினான். நெரிடா ஸ்டியரிங்குக்கு மாறினாள். அந்த வழியாக வந்த தூண்டில்காரர் ஒருவர் தானாகவே வண்டியை நிறுத்திக் கயிற்றை எடுத்தார். அந்தத் தீவில் கெஞ்சவேண்டியதில்லை, உதவி கிடைக்கும். கூடவே ஒரு திட்டும் கிடைக்கும்.

“கடல்ல விட்டுட்டுப் போகவா கார் வாங்கினீங்க? மணி பார்த்தது யாரு?”

வேட் கயிற்றை மாட்டிக்கொண்டே சொன்னான்: “இவதான்.”

அவர் நெரிடாவைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய் இழுத்தார். கார் ஏறிவிட்டது. கார் மூழ்கியிருந்தாலும் நெரிடா மன்னித்திருப்பாள், இந்தப் பொய்யை மாட்டாள். கூடாரத்தின் கடைசி முளையை அடித்து முடிப்பதற்குள் அவன் வாயைத் திறந்து ‘தப்பு என்னுது’ என்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் காலைப் படகில் காரோடு தனியாகப் போய்விடுவது, அப்படியே அக்கா வீட்டுக்கு, என்று முடிவுகட்டினாள்.

(நெரிடாவின் காதில் அது விழுந்தது மட்டும் கற்பனை. எங்கள் காரில் கண்ணாடி ஏற்றியிருந்தது. என் மனைவி பூங்கோதைக்கு நான் சொன்னது கேட்கவில்லை.)

4

முடிவு ஒன்று: முதல் முளையிலேயே வேட் மன்னிப்புக் கேட்கிறான். நம்பமுடியவில்லை. இவனா?

முடிவு இரண்டு: நெரிடா போய்விடுகிறாள். எழுதினேன், நன்றாகவே வந்தது. ஆனால் கரையில் தனியாக நிற்கும் அவனைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

முடிவு மூன்று: வேட் ஏழு முளை அடித்துவிட்டான். எட்டாவதுதான் கடைசி, கையில் இருக்கிறது. நெரிடா கயிற்றை இழுத்துப் பிடித்தபடி,

“என்னமோ சொல்ல வந்தியே?”

“நானா? இல்லியே. அது வந்து, நெரி...”

இதற்குமேல் பதினோரு நாளாக அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கதையையே கொண்டுபோய்ப் பூங்கோதையிடம் கொடுத்தேன். நேற்று மேசைமேல் திரும்பி வந்திருந்தது. கண்ணாடி ஏற்றியிருந்தது என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தாள்:

‘கேட்டுச்சு. ரெண்டு வருஷமா நீங்களா சொல்வீங்கன்னு பார்த்துக்கிட்டிருக்கேன்.’

5

வாசகரே, வேட் ஆசாமியையும் அந்த எட்டாவது முளையையும் உங்களிடம் ஒப்படைக்கிறேன். அவன் என்ன சொல்கிறான் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பூங்கோதை பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் எழுந்து அங்கே போகிறேன்.